கார் இன்சூரன்ஸ்: விலைக்கு முன் சரக்கைப் பாருங்கள்

பருப்பு மூட்டை வாங்கும்போது நாம் விலையை மட்டும் கேட்பதில்லை. என்ன ரகம், எத்தனை கிலோ, உடைசல் எவ்வளவு என்று மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கையில், "எவ்வளவு ஆகும்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பாலிசியும் ஒரு சரக்குதான். அதன் தரம் நஷ்டம் வரும் நாளில்தான் தெரியும். அன்று மாற்றிக் கேட்க முடியாது.

பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் நபருக்கான காப்பீடு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இதன் கட்டணத்தை அரசு அறிவிக்கிறது; எந்தக் கம்பெனியிலும் ஒரே விலைதான். நம் வண்டியின் சொந்தச் சேதத்திற்கான பிரீமியத்தை 2007 முதல் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஆகவே பேரம் பேச இடமுள்ளது இந்தப் பகுதியில் மட்டுமே. மூன்று கம்பெனிகளிடமாவது எழுத்து மூலம் விலை கேட்டு வாங்குங்கள். ஒப்பிடும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. ஐ.டி.வி. என்னும் காப்பீட்டு மதிப்பு: கார் திருடு போனாலோ முற்றிலும் சேதமானாலோ கிடைக்கும் தொகைக்கு இதுவே அடிப்படை. உதாரணமாக, ஒருவர் 5,00,000 ரூபாய் மதிப்புக்கு 9,500 ரூபாய் கேட்கிறார். மற்றவர் 4,20,000 ரூபாய் மதிப்புக்கு 8,200 ரூபாய் கேட்கிறார். இரண்டாவது மலிவல்ல, எடை குறைந்த மூட்டை. 1,300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 80,000 ரூபாயை இழக்க நேரும்.

2. தேய்மானம்: சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்தே தருவார்கள். முன்பக்க பம்பர் உடைந்தால் பாதி விலை நம் தலையில் விழும். இதைத் தவிர்க்க 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பு உண்டு. புதிய காருக்கு இது பயனுள்ளது.

3. வெள்ளம்: 2015 டிசம்பரில் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். நீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால் சாதாரணப் பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் என்ஜின் பாதுகாப்பைச் சேர்த்துக் கொள்வது நல்லது.

4. நோ கிளைம் போனஸ்: கிளைம் கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டுகளுக்கு 50 சதவீதம் வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. சின்னக் கீறலுக்குக் கிளைம் கேட்டு இதை இழப்பது லாபமா என்று கணக்குப் போடுங்கள். கம்பெனி மாறினாலும் போனஸ் நம்முடன் வரும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

நம் தொழிலுக்கென்று ஓர் எச்சரிக்கை. சொந்த உபயோகக் கார் பாலிசியில், மாதிரிச் சரக்கும் நம் சொந்தச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. மார்க்கெட்டிலிருந்து பின் சீட்டில் நான்கு மூட்டை ஏற்றி வருவது நம்மில் பலருக்கு வழக்கம். வழியில் விபத்து நேர்ந்தால் அந்த மூட்டைகளே கிளைமுக்குத் தடையாகும். சரக்குக்குச் சரக்கு வண்டியும் அதற்குரிய பாலிசியுமே பொருத்தம்.

பணம் கட்டாமல் காப்பு இல்லை. செக் திரும்பினால் பாலிசியும் நிற்காது. கம்பெனி நியாயமான கிளைமை மறுத்தால், முதலில் அவர்களுக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம். பெயர், வண்டி எண், மதிப்பு, போனஸ், கூடுதல் காப்புகள் ஆகியவற்றை, வந்த சரக்கைப் பில்லோடு சரிபார்ப்பது போல அன்றே சரிபார்த்துவிடுங்கள்.