காலத்தே தரும் மருந்து

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்றார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பன அவை. காலமறிந்து செய்ய வேண்டும் என்றும் அதே அதிகாரத்தில் அவர் வலியுறுத்தினார். இந்த இலக்கணம் மனநோய்க்கும் முற்றிலும் பொருந்தும். வளரும் நாடுகளில் கடும் மனநோய்க்குரிய மருத்துவம் காலத்தே கிடைக்காதது ஏன், கிடைக்க வழி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

நோயும் வயதும்

பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் கேட்பது, தனக்கு எதிராகச் சூழ்ச்சி நடப்பதாக ஆதாரமின்றி நம்புவது, பேச்சில் கோவை அறுவது ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவ்வகையில் முதன்மையானது மனச்சிதைவு. இது பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது, நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயதில்! தொடக்கத்தில் சிலருக்கு உறக்கம் கெடும். நண்பர்களை விட்டு ஒதுங்குவர். நன்கு படித்தவர் தேர்வில் பின்தங்குவார். நாமோ இதற்குச் சோம்பல் என்றும் செருக்கு என்றும் பெயரிட்டுவிடுகிறோம்.

1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசின் இந்நோயைத் தணிப்பதைக் கண்டனர். அதற்கு முன்பே, 1931-இல், கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேரின் பயனை எழுதினர். எனவே மருந்தே இல்லை என்ற நிலை மாறி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் இடையே நாள் நீள நீள, தேறுவது கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

தாமதம் எங்கே?

மக்களின் அறியாமையே தாமதத்திற்குக் காரணம் என்பர் சிலர். நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. பிள்ளையின் போக்கு மாறினால் பெற்றோர் வாளா இருப்பதில்லை. கோயிலுக்கும் தர்காவுக்கும் மந்திரிப்பவரிடமும் ஓடுகின்றனர். அவர்களுக்கு அருகில் இருப்பது அதுவே. மனநல மருத்துவர் இருப்பதோ தொலைவான நகரில். இந்த அலைச்சலில் மாதங்களும் கைப்பொருளும் கரைகின்றன.

இதன் கொடிய முடிவை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றிச் சிக்கினர்; 28 பேர் மாண்டனர்.

இணைந்த வழி

நைஜீரியாவின் அபியோகுட்டாவில் 1954-இல் டாக்டர் லம்போ ஒரு புதுவழி கண்டார். நோயாளிகள் உறவினருடன் ஆரோ மருத்துவமனையை அடுத்த கிராம வீடுகளில் தங்கி மருத்துவம் பெற்றனர். நாட்டு வைத்தியர்களின் துணையையும் அவர் நாடினார். அதே பத்தாண்டில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்தார். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு நம்மிடம் நிறையவே உண்டு என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

கானாவிலும் நைஜீரியாவிலும் 307 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. நாட்டு வைத்தியர், சமய வைத்தியர் ஆகியோரின் இடங்களுக்கே சுகாதாரப் பணியாளர்கள் சென்று மருந்தளித்தனர். ஆறு மாதத்தில், வழக்கமான முறையில் இருந்தோரைவிட இவர்கள் நன்கு தேறினர். நம் ஏர்வாடியிலும், தர்காவை நாடி வருவோருக்கு மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. மக்கள் நடக்கும் வழியிலேயே மருந்தை வைப்பதுதான் காலத்தே மருத்துவம் தரும் வழி என்பது என் கருத்து.

நம் கடமை

இதில் மாணவர்க்கும் பங்குண்டு. அறைத் தோழர் பல நாள் உறங்காமல் தனியே பேசினால் எள்ளி நகையாடாதீர்; ஆசிரியரிடம் கூறி, பெற்றோருடன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். குரல்கள் அடங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது என்பதையும் நினைவூட்டுங்கள். ஊரில் எவரையேனும் கட்டிவைத்திருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது என்று எடுத்துரையுங்கள். வேண்டுதலைக் கைவிடுமாறு எந்தத் தாயிடமும் கூற வேண்டியதில்லை. "வேண்டுதல் இருக்கட்டும் அம்மா, மாத்திரையும் இன்றே தொடங்கட்டும்" என்று கூறினால் போதும்.