அரிசோனாப் புழுதி

அன்பு இளங்கோ,

“வேலி ஃபீவர் பூஞ்சை நம்ம மண்ணிலேயே கிடையாது, அதைப் படிச்சு என்ன சார் பயன்?” என்று கேட்டுவிட்டு நீ போய்விட்டாய். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மண்ணில் இல்லைதான். அது குடியிருக்கும் அரிசோனாவில், ஃபீனிக்ஸிலும் சாண்ட்லரிலும், புழுதியைச் சுவாசித்தபடி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளின் நுரையீரலில் இருக்கலாமே!

இருமல், காய்ச்சல், மேல் மடலில் ஒரு குழி. எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே டிபி என்று எழுதக் கை பரபரக்கும். சளியில் கிருமி தெரியாவிட்டாலும் எழுதுவோம். மருந்து கேட்காவிட்டால், மருந்துக்கு மசியாத டிபி என்போம். எங்கெங்கே இருந்துவிட்டு வந்தாய் என்று மட்டும் கேட்க மாட்டோம். போன மாதப் பயணத்தைக் கேட்டாலும் போதாது. இந்தப் பூஞ்சை வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்து கிளம்பும். பூஞ்சை எங்கெங்கே உண்டு என்று காட்டும் பாடநூல் வரைபடத்தையும் அப்படியே நம்பாதே. தேடியவர்கள் எதுவரை போனார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது என்பது என் கட்சி. 2010இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, யாரும் எதிர்பாராத இடத்தில், உள்ளூரிலேயே தொற்றியவர்கள் அகப்பட்டார்கள்.

ஹெரால்டு சோப்பின் கதையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. 1929இல் ஸ்டான்ஃபோர்டில் உன்னைப் போல ஒரு மருத்துவ மாணவன். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூஞ்சையின் வித்துகளை மூச்சில் இழுத்துவிட்டான். வந்தால் சாவுதான் என்று நம்பிய காலம். பூஞ்சைக்கு மருந்தும் இல்லை. பையன் காய்ச்சலில் விழுந்தான், காலில் சிவந்த கட்டிகள் எழுந்தன, பிறகு தானே தேறிவிட்டான்! அவனுடைய பேராசிரியர் டிக்சனும், கெர்ன் கவுண்டியில் பணியாற்றிய டாக்டர் மிர்னி கிஃபோர்டும் அதன் பிறகுதான் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் சாதாரணக் காய்ச்சலும் இந்தக் கொடிய நோயும் ஒன்றே என்று நிறுவினார்கள்.

சோப்புக்குத் தொற்றியது ஆய்வுக்கூடத்தில் என்பதை மறக்காதே. நோயாளி இருமினால் தொற்றாது, கல்ச்சர் தட்டைத் திறந்தால் தொற்றும். ஆய்வுக்கூடத்துக்குச் சளியை அனுப்பும்போதே சந்தேகத்தைச் சீட்டில் எழுது. எழுதாமல் அனுப்புகிற டாக்டர்கள்மீது எனக்குத் தீராத கோபம்.

ஆரோக்கியமானவருக்கு லேசாக வந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம், கண்காணித்தால் போதும். மற்றவர்களுக்கு ஃப்ளுகோனசோல் அல்லது இட்ரகோனசோல், மாதக்கணக்கில். கடுமையாகத் தாக்கினால் ஆம்ஃபோடெரிசின். மூளையுறைக்குப் போய்விட்டால் ஆயுள் முழுக்க ஃப்ளுகோனசோல்.

எதற்கும் இருக்கட்டுமென்று டிபி மருந்தையும் சேர்த்தே கொடுக்கலாமே என்பாய். கூடாது. அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு இட்ரகோனசோலை இரத்தத்தில் ஏறவே விடாது.

அன்புடன்,
உன் வாத்தியார்