பதில் தாமதிக்கும் வேண்டுதல்

கேள்வி: கஷ்டம் தீராதபோதும் நம் வேண்டுதல் கடவுளுக்குக் கேட்கிறது என்று எப்படி நம்புவது? – வாசகர், ஜொகூர் பாரு

பதில்: வேண்டுதல் கேட்கப்படுவதும் வேண்டியது உடனே கிடைப்பதும் சைவ மரபில் ஒன்றல்ல. சுந்தரர் கதையே சான்று. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரிவதில்லை என்று கொடுத்த வாக்கை மீறி ஊரெல்லை தாண்டியதும் அவர் பார்வை இழந்தார். பாடிக்கொண்டே தலம் தலமாக நடந்தார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது வெறும் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. ஏறக்குறையத் தவணை முறைதான்! வழியெல்லாம் இறைவனை அவர் கடிந்தும் பாடினார். அந்தப் பாடல்கள் ஏழாம் திருமுறையில் இன்றும் ஓதப்படுகின்றன. முறையிடுவது அவநம்பிக்கை அல்ல. கேட்க ஆளில்லாத இடத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மலாயாத் தமிழரின் அனுபவம் இதைவிடக் கடினமானது. 1942–43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போடத் தோட்டத் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோயினர். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர் ஏராளம். அவர்களுக்காக வீட்டில் வேண்டிக்கொண்டவர்களின் பக்தியில் குறை இருந்தது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. போர் முடிந்த பின்னும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் விளக்கு எரிந்தது, திருவிழா நடந்தது.

தனியே வேண்ட மனம் வராத நாளில் கூட்டு வழிபாடு உதவும். 1922இல் சிறு கோயிலாகத் தொடங்கி இன்று கண்ணாடிக் கோயிலாக நிற்கும் ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் சந்நிதியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் வேண்டுதலே. நோய்க்கு மருத்துவரையும் கடனுக்கு விவரம் தெரிந்தவரையும் நாடுவது அதற்கு முரணாகாது.