வரிசை தவறினால் பாக்கெட் பாழ்

கேள்வி: நான் எழுதிய நெட்வொர்க் டிரைவர் இன்டெல் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. ரிஸ்க்-ஃபைவ் போர்டில் மட்டும் சில பாக்கெட்டுகள் குப்பையாகப் போகின்றன. ஏன்?
– பொறியியல் மாணவி, ஊரிகம், கோலார் தங்கவயல்

பதில்: டி.எம்.ஏ. முறையில் கார்டு, பிராசசரை எதிர்பார்க்காமல் மெமரியை நேரே படிக்கிறது. டிஸ்கிரிப்டரில் பஃபரின் முகவரியையும் நீளத்தையும் எழுதிவிட்டு, ‘இனி இது கார்டுக்கு உரியது’ என்னும் பிட்டைக் கடைசியாக வைக்கிறீர்கள். சாதாரண மெமரியில் எழுதும் வரிசையை இன்டெல் பிராசசர் காக்கும். ஏ.ஆர்.எம்., ரிஸ்க்-ஃபைவ் இரண்டும் அந்த உறுதியைத் தருவதில்லை. பிட் முந்திக்கொண்டால், கார்டு பழைய முகவரியைப் படித்துவிடும். சுரங்கக் கூண்டில் ஆட்கள் ஏறிக் கதவை மூடுமுன் மணியடித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே ஆகிறது.

லினக்ஸில் இதற்கு ‘மெமரி பேரியர்’ என்னும் வழி இருக்கிறது. பிட்டை வைக்குமுன் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி() போடுங்கள். பாக்கெட்டைப் பெறும்போது, பிட்டைப் பார்த்த பிறகு, மற்ற விவரங்களைப் படிக்குமுன் டிஎம்ஏ_ஆர்எம்பி() போடுங்கள். கார்டின் ரிஜிஸ்டரைத் தட்ட ரைட்எல்() போதும். முந்தைய மெமரி எழுத்துகளை அதுவே முன்னால் நிறுத்தும். ரைட்எல்_ரிலாக்ஸ்டு() அப்படிச் செய்யாது.

‘வாலடைல்’ கம்பைலரை மட்டுமே கட்டுப்படுத்தும், பிராசசரை அல்ல. இடையில் தாமதம் சேர்த்துப் பிழையை மறைக்காதீர்கள். ஒவ்வொரு பேரியருக்கும் அருகே அது காக்கும் வரிசையைக் குறிப்பாக எழுதிவையுங்கள்.