வீட்டுக்குள் எட்டாத அலைபேசி அழைப்பு

சிறுநீரகச் செயல்குறைவுடைய முதியவர் ஒருவர், காலையில் வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டுச் சாத்தாங்காட்டிலுள்ள தம் வீட்டிற்குத் திரும்பினார். மாலையில் முடிவு வந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் 6.9. ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் கவனிப்போம். இந்த அளவில் இதயத் துடிப்பு எந்நேரமும் தடம் புரளக்கூடும். உடனே அழைத்தோம். ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்னும் பதிவுக்குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, அவருடைய மகன் பால் வாங்கத் தெருவுக்கு வந்தபோதுதான் அழைப்பு கிடைத்தது. அவர் பிழைத்தார். பின்னர் விசாரித்தபோது, பேத்தியின் படிப்புக்காக வீட்டில் வைஃபை இணைப்பு இருந்ததென்றும், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே அந்த அலைபேசி கிடந்ததென்றும் தெரியவந்தது.

இரும்புச் சந்தையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இக்குறை புதிதன்று. அலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. உலோகத் தகடு அதனைத் திருப்பி எறிந்துவிடும். தகரக் கூரைகள், கிடங்குகளில் அடுக்கிய இரும்புத் தகடுகள், கம்பி பொதிந்த கான்கிரீட் சுவர்கள் யாவும் அலையைத் தடுப்பவையே. அலையின் அதிர்வெண் கூடக் கூடச் சுவரை ஊடுருவும் திறனும் குறையும். ஆதலால் வாசலில் நன்றாகக் கேட்கும் குரல், உள்ளறையில் அற்றுப்போகிறது.

இதற்கு எளிய மாற்று வைஃபை காலிங். இம்முறையில் உங்கள் குரல் கோபுரத்தை நாடாமல், வீட்டு இணையத்தின் வழியே மறையாக்கம் செய்யப்பட்டு, உங்கள் சிம் நிறுவனத்தைச் சென்றடைகிறது. எண் மாறாது, தனிச் செயலி வேண்டாம், எதிர்முனையில் இருப்பவரிடம் சாதாரண அலைபேசியோ தரைவழித் தொலைபேசியோ இருந்தாலும் போதும். ஏர்டெல் 2019 டிசம்பரில் தில்லிப் பகுதியிலும், ஜியோ 2020 ஜனவரியில் நாடெங்கிலும் இவ்வசதியைத் தொடங்கின.

அலைபேசியின் செட்டிங்ஸில் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் ‘வைஃபை காலிங்’ என்றிருக்கும், அதனை இயக்குங்கள். இரண்டு சிம் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இயக்க வேண்டும். (பலர் இதில்தான் தவறுகிறார்கள்.) பிறகு ஃபிளைட் மோடை இட்டு, வைஃபையை மட்டும் மீண்டும் இயக்கி, உறவினர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். பேச முடிந்தால் வசதி வேலை செய்கிறது என்று பொருள். சோதித்தபின் ஃபிளைட் மோடை மறவாமல் நீக்கிவிடுங்கள். பழைய அலைபேசிகள் சிலவற்றில் இவ்வசதி இராது. ரௌட்டரை இரும்பு பீரோவின் பின்னால் வைத்தால், மேலே சொன்ன அதே இடர் வீட்டுக்குள்ளேயே நேரும்.

கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டுவது தீர்வன்று. உரிமமின்றி அதனைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாரின் இணைப்பையும் அது குலைக்கும்.

மின்சாரம் போனால் ரௌட்டரும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ரௌட்டரையும் அதனுடன் இணையுங்கள். அவசர அழைப்புக்கு வைஃபையை மட்டும் நம்பியிராதீர்கள். 108 கிடைக்கவில்லையெனில் ஒருவர் உடனே மாடிக்கோ தெருவுக்கோ சென்று அழைக்கட்டும்; இருப்பிடம் தானே தெரிந்துவிடும் என்றெண்ணாமல் கதவிலக்கம், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்லட்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் எண்ணோடு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பக்கத்து வீட்டார் அல்லது உறவினர் ஒருவரின் எண்ணையும் அவரது இசைவுடன் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இரவில் அழைக்க நேர்ந்தால், இரண்டாவதாக அந்த எண்ணையே அழைப்போம்.