பழவேற்காட்டு இல்லங்களும் உணவு மாற்றமும்

ஓர் இல்லத்தார் தாம் உண்ணும் உணவை இயன்றவரை தம் ஊரின் விளைவினின்றும் தம் அடுப்பினின்றுமே பெறுவது எனத் துணிவாராயின், அத்துணிவு அவரிடம் எவற்றை வேண்டுகின்றது? இவ்வினாவை நாவின் சுவையோடும் உடலின் நலத்தோடும் நிறுத்திவிடுவார் பலர். ஆயின் உழைப்பு, வருவாய், நீர்நிலை என்னும் மூன்றும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்துள்ள மீனவர் ஊர்களைக் கருத்திற்கொண்டு இம்மூன்றையும் ஈண்டு ஆராய்வாம்.

உழைப்பை முதற்கண் எடுத்துக்கொள்வாம். இத்தகைய மாற்றத்தை மேற்கொண்ட குடும்பங்களுள் உலகறிந்தது காந்தியடிகளின் குடும்பம். 1905ஆம் ஆண்டையொட்டி, தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரில் வாழ்ந்தபொழுது, கடை ரொட்டியை விடுத்து வீட்டிலேயே தவிடு நீக்காத கோதுமை மாவினால் ரொட்டி செய்யத் தொடங்கினர். ஆலையில் அரைத்த மாவு அதற்கு உதவாதெனக் கண்டு, 7 பவுன் கொடுத்து ஒரு கைத்திரிகை வாங்கினார் அடிகள். அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் தனித்துச் சுழற்றலாகாத பளுவுடையது. இருவர் சேர்ந்தால் எளிதிற் சுழலும். அடிகளும், நண்பர் போலக்கும், சிறுவர்களும் அதனைச் சுழற்றினர். கஸ்தூரிபாய் அம்மையார் இடையிடையே கைகொடுத்தார். அரைக்கும் வேளையே அவர் அடுக்களை வேலை தொடங்கும் வேளையாகவும் இருந்தது. இதனால் நாம் அறிவது யாது? வீட்டுணவு வேண்டுமென்பார் ஒருவர், அதற்காக வருந்துவார் மற்றொருவர் என்னும் நிலையில் இம்மாற்றம் நெடுநாள் நில்லாது. ஆடவரும் சிறுவரும் திரிகையின் பிடியைப் பற்றினாலன்றி அது பெண்டிர்மேல் ஏற்றிய புதுச் சுமையாகவே முடியும்.

இனி ஏரிக்கரைக்கு வருவாம். பழவேற்காட்டு ஏரி நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்பகுதி தமிழகத்திலும் உள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்து கலக்கின்றது. மடவை, கிழங்கான், கெளுத்தி, இறால், நண்டு என இவ்வேரி தரும் உணவு பலவகைத்து. எனினும் கரையின் மண் உவர்மண். மீனவர் குப்பங்களில் நெல் விளைதல் அரிது. ஆதலின் பண்டுதொட்டே இவ்வூரார் தம் மீனையும் கருவாட்டையும் விற்று, உள்நாட்டு உழவர் விளைத்த நெல்லையும் கேழ்வரகையும் கொண்டனர். ஈண்டு ‘உள்ளூர் உணவு’ என்பது ஒரு வீட்டின் வேலிக்குள் விளைவதன்று. கடற்கரையும் கழனியும் ஒன்றையொன்று ஊட்டிய உறவேயாம்.

இவ்வுறவு மாறியதற்கு முதற்காரணம் வருவாயே. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உறையவைத்த இறால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. இறாலின் விலையும் ஏறியது. வலையில் விழும் சிறந்த இறாலும் நண்டும் கரையிலேயே எடைபோடப்பட்டு வெளியேறலாயின. வலைக்கும் படகுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் வேண்டுமாதலின், விற்பவரைக் குறைகூறுதல் நேரிதன்று. ஆயினும் சத்துமிக்கதை விற்றுச் சத்துக்குறைந்ததை வாங்கும் இல்லத்தில் பணம் வருகின்றது, உணவு குறைகின்றது என்பதை மறுத்தல் இயலாது.

அரிசியின் செய்தியும் அத்தகையதே. 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர், யாவாத் தீவையும் தம் ஆட்சியில் வைத்திருந்தனர். பிற்காலத்தில் அத்தீவிற் பணியாற்றிய ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், மருத்துவமனையில் எஞ்சிய வெண்சோற்றைத் தின்ற கோழிகள் கால்தளர்ந்து வீழ்தலையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றபின் அவை தேறுதலையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிதிறந்த இக்காட்சிக்காக 1929இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நெல்லைப் புழுக்கிக் குற்றும் நம்மவர் வழக்கம், தவிட்டின் சத்தில் ஒரு பகுதியை அரிசிக்குள் செலுத்தி இக்கேட்டினின்றும் பெரிதும் காத்தது. 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தில், தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தரிசியைப் போற்றி உழைத்ததும் இவ்வறிவை ஒட்டியே.

தமிழகத்தில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் விலையின்றி வழங்கப்படும் அரிசி பசியை விலக்கியது. அதனைச் சிறுமைப்படுத்துதல் நம் நோக்கமன்று. ஆயின் மூன்று வேளையும் அதுவே என்றாகும்பொழுது கேழ்வரகு அடுக்களையை விட்டு நீங்குகின்றது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உளது. தீட்டிய அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராமே. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆகவே மாற விரும்பும் ஏரிக்கரை இல்லத்தார் செய்யத்தக்கவை சில. எடைக்கற்கு முன்னே வீட்டுப் பங்கை எடுத்துவைத்தல் ஒன்று. விலைபோகாத சிறுமீனும் முள்ளோடு உண்ணத்தக்கதாயின் நல்லுணவே. நாளுக்கு ஒரு வேளையேனும் கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொள்ளுதல் இரண்டு. மணற்பாங்கில் ஒரு முருங்கையும், தொட்டியில் நன்மண் இட்டுக் கீரையும் வளர்த்து, அரிசி கழுவிய நீரை அவற்றிற்கு வார்த்தல் மூன்று. இவற்றின் உழைப்பை வீட்டார் அனைவரும் பகிர்தல் நான்கு. இந்நான்காவது இன்றேல் ஏனைய மூன்றும் ஒரு திங்களுக்கு மேல் நில்லா.

எஞ்சியது நீர்நிலை. ஏரியில் ‘பாடு’ என வழங்கும் முறைப்படி, மீன்பிடிக்கும் இடங்களைச் சில ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அம்முறைக்குப் புறம்பானவரும் உளர். இருளர் பெண்டிர் ஆழமில்லா நீரிற் கையால் தடவியே இறால் பிடிப்பர். வலையுடையார்க்கும் வெறுங்கையினர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. அஃது ஏரியின் முகத்துவாரம். இறால் கடலிற் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரியுட் புகுந்து வளரும். மணல் திரண்டு அவ்வாயிலை அடைக்குமாயின், குஞ்சுகளும் புகா. கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகுந்து, உள்ளிருக்கும் மீனும் நலியும். அந்நாளில் எத்துணை உறுதிகொண்ட குடும்பமும் கடைப்பொருளையே நாடவேண்டியதாகும்.

வீட்டுணவு வீட்டாரின் மனவுறுதி ஒன்றாலேயே அமைவதன்று என்பது இதனாற் பெறப்படும். திரிகையைச் சுழற்ற இருவர் வேண்டும்; மீனைக் கழனியின் விளைவாக மாற்ற இரண்டு ஊர் வேண்டும்; ஏரியின் வாயிலைத் திறந்துவைக்க நாடே வேண்டும். நகரில் கற்கும் நம் மாணவர், தம் இலையில் விழும் இறால் எவ்வேரியினது என்றும், அதனைப் பிடித்தவர் வீட்டில் அன்று உண்டது யாது என்றும் ஒருமுறை வினவுவாராயின், பொருளியற் பாடத்தின் நல்லதொரு பகுதியை அவர் கற்றவராவர்.