தரங்கம்பாடிக் கல்லறைகளும் வரலாற்று ஊர்ச் சீரமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்றுச் சிறப்புடைய ஊர்களைச் சீரமைக்கும் திட்டங்களில் கோட்டை, மாளிகை, தெரு ஆகியவை முதலிடம் பெறுகின்றன; கல்லறைத் தோட்டம் இறுதியில் வைக்கப்படுகிறது. தரங்கம்பாடியைக் களமாகக் கொண்டு இந்நிலைக்குரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லறையைக் கட்டடமாக மட்டும் கருதாது எழுத்தாவணமாகவும் வழக்கிலுள்ள சடங்குவெளியாகவும் கொள்ளுதல் வேண்டும் என்பதும், அதற்குத் தமிழ்க் கல்வெட்டியலும் இலக்கியமும் துணைநிற்கும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரங்கம்பாடி, கல்லறைத் தோட்டம், சக்கரவாளக் கோட்டம், மைப்படி, மரபுப் பாதுகாப்பு.

முன்னுரை

மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி பல அடுக்குகளை உடைய ஊர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் டேனியருக்கு இங்கு வாணிக உரிமை அளித்தார். அவ்வாண்டே டான்சுபோர்க் கோட்டை தொடங்கப்பெற்றது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடும், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் எழுதிய விளக்கப் பட்டியலும் தமிழாய்வாளர் நன்கு அறிந்தவை. 1845இல் ஊர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. டேனிய ஆட்சி நீங்கிய பின்னும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் மீனவர் குடியிருப்பும் ஒரே கடற்கரையில் தொடர்ந்தன.

2000ஆம் ஆண்டுக்குப் பின், குறிப்பாக 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், இவ்வூரில் மரபுச் சீரமைப்புப் பணிகள் மிகுந்தன. கோட்டை, ஆளுநர் மாளிகை, பழைய வீடுகள் எனப் பல புதுப்பிக்கப்பட்டன. மாநிலத் தொல்லியல் துறை, டேனிய தேசிய அருங்காட்சியகம், இன்டாக் முதலிய அமைப்புகளின் பங்கு இதில் குறிப்பிடத்தக்கது. இப்பணிகளின் தரம் பற்றி இங்கு ஆராயவில்லை. அவற்றுள் கல்லறைத் தோட்டம் பெற்ற இடம் எது என்பதே கேள்வி.

கட்டடமும் கல்லறையும்

பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்தால் அது விடுதியாகலாம், அருங்காட்சியகமாகலாம், கைவினைக் கூடமாகலாம். செலவிட்ட பொருள் ஏதேனும் ஒரு வகையில் திரும்பி வரும். 'மறுபயன்பாடு' என்னும் கொள்கை மரபுப் பாதுகாப்பில் இத்துணைச் செல்வாக்குப் பெற்றமைக்கு இதுவே காரணம். கல்லறைக்கு மறுபயன் இல்லை. அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கே உரியது. ஆகவே வருவாய் நோக்கில் வரையப்படும் எத்திட்டத்திலும் கல்லறைத் தோட்டம், சுற்றுச்சுவரும் பெயர்ப்பலகையும் பெற்று நின்றுவிடுகிறது. இதனைத் திட்டமிடுவோரின் அலட்சியம் என்று மட்டும் கூறிவிட இயலாது. கொள்கையின் அளவுகோலே அவ்வாறு அமைந்துள்ளது.

சட்டமும் இங்கு முழுமையாகத் துணைசெய்வதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் நினைவுச்சின்னம் என அறிவிக்கப்பட்டவற்றையே காக்கின்றன. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்குப் புதிதாக யாரும் அடக்கம் செய்யப்படுவதில்லை; வரலாறு முடிந்த இடமாக அதனைக் காக்க முடிகிறது. தேவாலயத்தைச் சார்ந்து, இன்றும் உறவினர் வந்து வழிபடும் கல்லறைத் தோட்டங்களின் நிலை வேறு. அவற்றைச் சின்னமாக அறிவித்தால் வழக்கு தடைப்படும் என்னும் அச்சம் மக்களுக்கு எழும். அறிவிக்காவிடில் பழங்கல் காப்பின்றிப் போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியே இன்று தேவைப்படுவது.

சக்கரவாளக் கோட்டம் தரும் சான்று

தரங்கம்பாடிக்கு வடக்கே, கடற்கரை வழியே 15 கி.மீ. அளவில் உள்ளது பூம்புகார். அந்நகரின் புறங்காட்டை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை விரிவாகக் காட்டுகிறது. சுதமதிக்கு மணிமேகலா தெய்வம் கூறுவதாக அமைந்த அப்பகுதியை அறவுரையாகவும் அச்சச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவுமே பெரிதும் படித்து வந்துள்ளோம். அதனை ஓர் இட விவரணையாகப் படித்தால் வேறு செய்திகள் புலப்படும்.

அங்கு மதில் உண்டு; நான்கு வாயில்கள் உண்டு. ஒரு வாயில் நெல், கரும்பு, பொய்கை, பொழில் முதலியவற்றின் ஓவியம் உடையது. மற்றொன்று உருவம் ஏதும் எழுதப்படாது வெண்சுதை மட்டும் பூசப்பெற்றது. இன்னொன்றில் பாசமும் சூலமும் ஏந்திய அச்சந்தரும் உருவம் நிற்கிறது. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டிருத்தல் இங்கு நினைக்கத்தக்கது. இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு காண முயல்வது பொருந்தாது. எனினும் இறந்தோர் வெளியின் வாயில் பேச வேண்டும் என்னும் எண்ணம் இரு பண்பாடுகளிலும் இருந்தமை தெளிவு.

மதிலுக்குள் துறவியர்க்கும் அரசர்க்கும் கணவனொடு இறந்த மகளிர்க்கும் உறவினர் எழுப்பிய செங்கற் கோட்டங்கள் உள்ளன. அவை சிறியவும் பெரியவுமாய், நால்வகை வருணப் பிரிவைப் புலப்படுத்துவனவாய் நிற்கின்றன. காவலர் உண்டு உறங்கும் குடில்களும் அங்கு உண்டு. எரித்தல், புதைத்தல், தாழியிற் கவித்தல் உள்ளிட்ட ஐவகை முறைகளும் ஒரே எல்லைக்குள் நிகழ்கின்றன. இறந்த பின்னும் நீங்காத சமூக வேற்றுமையைக் காப்பியம் மறைக்கவில்லை. அனைத்தையும் அழிக்கும் காலத்தின் முன் அவ்வேற்றுமையை நிறுத்திக் காட்டுகிறது.

திட்டமிடுவோர்க்கு இக்காதை மூன்று செய்திகளைத் தருவதாகக் கொள்ளலாம். மயானம் காவலுடைய இடம். அங்குள்ள நினைவுக் கட்டடங்கள் உறவினரின் பொறுப்பில் எழுந்தவை. கோட்டம் பெறாதோரும் அங்கேயே உளர். மூன்றாவது செய்தியே நடைமுறையில் மிகுதியும் மறக்கப்படுவது.

பெயர்களும் பொருள்களும்

அலுவலகப் பதிவுகளில் 'மயானம்', 'இடுகாடு', 'சுடுகாடு' என்னும் பொதுச்சொற்களே வழங்குகின்றன. தமிழ்க் கிறித்தவர் 'கல்லறைத் தோட்டம்' என்பர். தமிழ் முசுலிம்கள் 'மையவாடி' என்பர். இச்சொற்கள் வெறும் மாற்றுப்பெயர்கள் அல்ல. தோட்டம் என்னும் சொல்லில் பேணுதல் அடங்கியுள்ளது. காடு என்பதில் ஊருக்கு அப்பாற்பட்டமை உள்ளது. தரங்கம்பாடி போன்ற ஊரில் 'ஐரோப்பியர் கல்லறை' என ஒரு தொகுதியை மட்டும் வரைபடத்தில் குறித்துவிட்டு, ஏனையவற்றைப் பெயரின்றி விடுவது அவற்றைத் திட்டத்திற்கு வெளியே நிறுத்துவதாகும். டேனிய மதிலுக்கு உட்பட்ட பகுதியே 'மரபு நகர்' எனக் கொள்ளப்பட்டபோது, யாருடைய வரலாறு காக்கப்படுகிறது என்னும் வினா எழுந்தது. எல்லே யோர்கன்சென் 2014இல் வெளியிட்ட தரங்கம்பாடி பற்றிய நூல் இவ்வினாவையே தன் தலைப்பாகக் கொண்டது. கல்லறைகளைப் பொறுத்தவரை அவ்வினா இன்னும் கூர்மையானது.

கல்லறை என்னும் எழுத்தாவணம்

1718இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தில் சீகன்பால்கு 1719இலும் அவர் உடனூழியர் கிரண்ட்லர் 1720இலும் அடக்கம் செய்யப்பட்டனர். இவர்களைப் போன்றோரின் நினைவுக்கற்கள் பலமுறை படியெடுக்கப்பட்டுள்ளன. சூலியன் சேம்சு காட்டன் 1905இல் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்த பட்டியல் இன்றும் பயன்படுவது. ஆனால் அத்தொகுப்பு பெரிதும் ஐரோப்பியரையே கருதியது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் குருவாகிய ஆரோனின் வழிவந்த தமிழ்ச் சபையினரின் கல்லறைகள் அவ்வகைப் பட்டியல்களில் இடம்பெறும் வாய்ப்புக் குறைவு. கல்நாட்டும் வசதியற்றோரின் மண்மேடும் மரச்சிலுவையும் சில மழைக்காலங்களுக்குள் மறைந்துவிடும்.

நம் கல்வெட்டியல் மரபு கோயிற் சுவரையும் நடுகல்லையும் கண்ட அளவிற்குக் கல்லறை எழுத்தைக் காணவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் சிறுசிறு சான்றுகள், ஆண்டுக் கணக்கிடும் முறைகள், ஊர்ப்பெயர், தொழிற்பெயர், சாதிப்பெயர், உறவுமுறைச் சொற்கள் ஆகியவை இவ்வெழுத்துகளில் கிடைக்கக்கூடியவை. எல்லிசு 1819இல் இறந்தபின் அவர் நினைவாகத் தமிழில் கல் பொறிக்கப்பட்டது என்பது தமிழாய்வுலகம் அறிந்த செய்தி. இத்தகையவை தனித்த விந்தைகளாக எடுத்துக்காட்டப்படுகின்றனவே அன்றி ஒரு வகைமையாகத் தொகுக்கப்படவில்லை.

நேரிற் படியாமையால் விளையும் பிழைக்குச் சி. யு. போப்பின் கல்லறை தக்க சான்று. 1908இல் மறைந்த அவர், ஆக்சுபோர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம்மைத் 'தமிழ் மாணவன்' எனக் கல்லறையில் எழுதச் சொன்னார் என்பது பாடநூல் வரை பரவிய செய்தி. அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர் என்பதும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நிறுவினர் என்பதுமே அதில் உள்ளன. கற்பனைத் தொடரைக் காட்டிலும் தமிழ் நண்பர்கள் பொருள் திரட்டிக் கல் நாட்டினர் என்னும் உண்மை நமக்குப் பெருமை தருவது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சீரமைப்பின் முறைவைப்பு

தொல்காப்பியம் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைக் காண்பதே முதல். நீராட்டல் அதன் பின்னரே. கல்லறைச் சீரமைப்பில் இம்முறை தலைகீழாகிவிடுவதுண்டு. முதலில் புதர் அகற்றப்படுகிறது. அதன்பின் தரை சமன்செய்யப்படுகிறது. எழுத்தைப் படிப்பது எஞ்சியவற்றில்தான். மண் அகழும் இயந்திரம் ஒரு நாள் நுழைந்தால் அடையாளமற்ற புதைகுழிகள் அனைத்தும் அழியும். தரையின் மேடுபள்ளமே கல்லில்லாதோரின் ஒரே எழுத்து. ஆதலின் பணி தொடங்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் மேட்டுக்கும் எண்ணிட்டு வரைபடம் இடுதல், காலை மாலைச் சாய்வொளியில் ஒளிப்படம் எடுத்தல், கல் தாங்குமாயின் மைப்படி எடுத்தல், சபைப் பதிவேடுகளிலுள்ள அடக்கக் குறிப்புகளோடு ஒப்பிடுதல் ஆகியவை முடிந்திருக்க வேண்டும். தமிழ்த் துறைகளின் பயிற்சி பெற்ற மாணவர்கள் இதனைக் குறைந்த செலவில் செய்ய இயலும்.

கட்டுமானத்தில் தவிர்க்க வேண்டுவது சிமெண்டு. கடற்கரைச் செங்கல்லில் உப்பு ஊறியிருக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு அதனை உள்ளே அடைத்துவிடும். அப்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதனைப் பொடியாக்குகிறது. சில ஆண்டுகளில் பூச்சு மட்டும் ஓடுபோல் நின்று உள்ளீடு உதிரும். எழுத்துப் பள்ளங்களில் வண்ணம் தீட்டுதல், அமிலமிட்டுக் கழுவுதல், மணல்வீச்சு ஆகியவையும் தீங்கு தருவன. தூய நீரும் மென்தூரிகையும் பெரும்பாலான கற்களுக்குப் போதும். அரச மரமும் ஆல மரமும் இணைப்புகளில் வேரூன்றியிருப்பின் பிடுங்குதல் கூடாது. அறுத்துவிட்டு வேரை மெல்ல அழியச்செய்தபின் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புதலே முறை.

கடலும் திட்டத்தின் ஒரு பகுதியே. மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடி மீனவர் பலரும் அவர்களுள் அடங்குவர். முந்நூறாண்டுக்கு முற்பட்ட ஐரோப்பியக் கல்லறைக்குப் பொருள் ஒதுக்கும் திட்டம், அவ்வூரிலேயே அண்மையில் இறந்தோரின் நினைவிடங்களைக் கணக்கில் கொள்ளாதாயின், ஊரார் அதனைத் தமதாகக் கருத வழியில்லை.

பேணுதலுக்குரிய நாள்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் அந்நாளையொட்டிக் கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, மலரும் மெழுகுதிரியும் வைப்பர். பாதுகாப்பாளர் சிலர் இவ்வெள்ளையடிப்பைத் தீங்கெனக் கருதுவர். பூசப்படுவது சுண்ணாம்பாயின் செங்கற் கல்லறைக்கு அது காப்பே. நெகிழிக் கலப்புடைய வண்ணமாயின் கேடு. எனவே வழக்கத்தைத் தடுப்பதினும், நீற்றிய சுண்ணாம்பைச் சபை வழியே வழங்கி, எழுத்துள்ள கற்களை மட்டும் பூச்சின்றி விடுமாறு முன்கூட்டி அடையாளமிடுதல் எளிது. இதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வலுப்பெறுவதால், வடிகால் தூர்வாருதலும் விரிசல் பார்த்தலும் அக்டோபர் மாதத்துக்குள் முடிதல் வேண்டும். குடும்பங்கள் கூடும் அந்நாளில் ஓர் ஏட்டைத் திறந்து வைத்து, எந்த மேடு யாருடையது என்பதை முதியோர் கூறக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கல்லில்லாத கல்லறைகளின் பெயரை அறிந்தோர் இன்னும் உயிருடன் உள்ள தலைமுறை இது.